பராமரிப்பாளர் கொடுப்பனவு பெறும் நான் கணவரைப் பிரித்தானியாவுக்கு அழைக்க முடியாதா?

கிழக்கு லண்டனில் வசிக்கும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்றை எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காணக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சிறுவயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து வந்த அவர் இன்று பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர்; வயது 31. தந்தை காலமாகிவிட்டார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட 68 வயதுத் தாயாருடன், தாயாரின் பெயரிலுள்ள இரண்டு படுக்கையறை கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) வீட்டில் வசிக்கிறார். தாயாருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கான அரச கொடுப்பனவு) கிடைக்கிறது. அவரைப் பராமரிப்பதற்காக மகளுக்கு கேரர்ஸ் அலவன்ஸ் எனப்படும் பராமரிப்பாளர் கொடுப்பனவு, 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டின் வீதப்படி, வாரம் 83.30 பவுண் கிடைக்கிறது. அத்துடன் ஒரு மருந்துக் கடையில் வாரம் 15 மணி நேரம், மணிக்கு 12.21 பவுண் சம்பளத்தில் வேலை செய்கிறார். வாடகைக்கும் கவுன்சில் வரிக்குமாகத் தாயாரிடம் வாரம் 90 பவுண் கொடுத்துவிடுகிறார். குறைந்த வருமானமுடையோருக்கான அரச உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் பெறவில்லை.

சென்ற ஆண்டு வவுனியாவைச் சேர்ந்த, கணக்காளராகப் பணிபுரியும் ஒருவரைப் பெரியோர் பேசி மணம் முடித்திருக்கிறார். எழுத்தும் (விவாகப் பதிவும்) முடிந்து, கோயிலில் தாலிகட்டும் நடந்திருக்கிறது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். “29,000 பவுண் சம்பளம் இல்லாவிட்டால் கணவரை அழைக்க முடியாது, அரசாங்கக் காசு எடுப்பவர்கள் ஸ்பொன்சர் செய்யவே முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொடுப்பனவை விட்டுவிட்டு இரண்டு வேலை செய்யலாமென்று இருக்கிறேன். கனடாவிலுள்ள அண்ணா மாதாமாதம் காசு அனுப்புவதாகக் கடிதம் தருவார். கொழும்பிலுள்ள முகவர் ஒருவர், கணவரைத் திருமணமாகாதவர் என்று போட்டு விசிட் விசாவில் அனுப்பினால் இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம், அல்லது கெயர் விசா எடுத்துத் தருகிறேன் என்கிறார். கணவருக்கு முன்பு ஒருமுறை இங்கே படிக்க வருவதற்கான விசா மறுக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமா? அடுத்த மாதம் இரண்டு மாதம் வவுனியாவில் போய் நிற்கப் போகிறேன். கணவர் வேலையை விட்டுவிடலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் தடை என்று நினைத்து மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கும் விடயம்தான் உங்களுக்குத் திறந்திருக்கும் கதவு. பராமரிப்பாளர் கொடுப்பனவை எக்காரணம் கொண்டும் இப்போது விட்டுவிடாதீர்கள். அதைப் பெற்றுக்கொண்டிருக்கும்வரை 29,000 பவுண் வருமான நிபந்தனை உங்களுக்குப் பொருந்தாது. இதைச் சட்டத்தின் ஓட்டை என்று எண்ண வேண்டாம். வாழ்க்கைத்துணைகளுக்கான நிபந்தனைகளைச் சொல்லும் குடிவரவு விதிகளின் பின்னிணைப்பு எஃப்.எம். இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது.

29,000 யாருக்கு, யாருக்கு இல்லை

வாழ்க்கைத்துணையை அழைப்பவர் குறிப்பிட்ட அளவு சம்பாதிக்க வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் வந்தது. அப்போது அந்த அளவு ஆண்டுக்கு 18,600 பவுண். 2024 ஏப்ரல் 11ஆம் திகதி அது 29,000 ஆக உயர்ந்தது. அதை 38,700 வரை உயர்த்தும் திட்டமும் இருந்தது. அது பின்னர் நிறுத்திவைக்கப்பட்டது. ஊரில் உங்கள் காதில் விழும் வெவ்வேறு தொகைகளுக்கு இந்த வரலாறுதான் காரணம்.

ஆனால் ஸ்பொன்சர், அதாவது துணையை அழைப்பவர், குறிப்பிட்ட சில கொடுப்பனவுகளைப் பெறுபவராக இருந்தால் இந்த நிபந்தனைக்குப் பதிலாக “போதிய பராமரிப்பு”, அதாவது குடும்பம் வாழப் போதிய பணம் இருக்கிறதா என்ற இன்னொரு அளவுகோல் வருகிறது. கேரர்ஸ் அலவன்ஸ், உடற்குறைபாடு உள்ளவர்களுக்கான பி.ஐ.பி., டிஸபிலிட்டி லிவிங் அலவன்ஸ், அத்துடன் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. கொடுப்பனவு ஸ்பொன்சரின் பெயரில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்: உங்கள் தாயாருக்குக் கிடைக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் உங்களுக்கு விலக்குத் தராது, உங்களுக்குக் கிடைக்கும் கேரர்ஸ் அலவன்ஸ்தான் தரும். யுனிவர்சல் கிரெடிட்டில் பராமரிப்பாளருக்கெனச் சேர்க்கப்படும் தொகை இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உங்களைப் போலவே தாயையோ தந்தையையோ பார்த்துக்கொண்டு, யுனிவர்சல் கிரெடிட் மட்டும் எடுத்துக்கொண்டு, கேரர்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்காமலே இருக்கும் ஒருவருக்கு உங்கள் நிலை வாய்க்காது. நீங்கள் அறியாமலே சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

அரசாங்கக் காசு எடுப்பவர்கள் அழைக்க முடியாது என்ற பேச்சு எங்கிருந்து வருகிறதென்றால், வருகின்ற கணவருக்கோ மனைவிக்கோ வழங்கப்படும் விசாவில் “பொது நிதியுதவி பெற உரிமையில்லை” என்ற நிபந்தனை இருக்கும். அது அவரைக் கட்டுப்படுத்துவது. உங்கள் சொந்த உரிமையில் நீங்கள் பெறுவதை அது தொடாது. கணவர் வந்துவிட்டார் என்ற காரணத்தால் உங்களுக்கு ஏதாவது உதவித்தொகை கூடுமானால் மட்டும் அது சிக்கல். அப்படி ஒன்றுக்கு விண்ணப்பிக்கும் முன் ஆலோசனை பெறுங்கள்.

உங்கள் கணக்கு எப்படி வருகிறது

போதிய பராமரிப்பு என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. உங்கள் கைக்கு வரும் வாராந்த வருமானத்திலிருந்து வீட்டுச் செலவைக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது, இன்கம் சப்போர்ட் என்ற அடிப்படை அரச உதவித்தொகையில் ஒரு தம்பதிக்குக் கிடைக்கக்கூடிய தொகைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டில் அந்தத் தொகை வாரம் 144.65 பவுண்.

மணிக்கு 12.21 பவுண் வீதம் 15 மணி நேரத்துக்கு 183.15 பவுண். கொடுப்பனவு 83.30. இரண்டும் சேர்ந்து 266.45. கேரர்ஸ் அலவன்ஸ் வருமான வரிக்கு உட்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 12,570 பவுண் என்ற வரியற்ற எல்லையைச் சிறிது தாண்டுவதால் வாரம் ஏறத்தாழ 5 பவுண் வரியாகப் போகும். மீதி 261. தாயாரிடம் கொடுக்கும் 90ஐக் கழித்தால் 171. தேவையான 144.65ஐ விட 26 பவுண் அதிகம். பெரிய இடைவெளி இல்லை, ஆனால் போதும். ஒவ்வோர் ஏப்ரலிலும் இந்தத் தொகைகள் எல்லாமே மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் புதிய எண்களை வைத்து இதே கணக்கை மறுபடி செய்து பாருங்கள்.

இப்போது நீங்கள் யோசித்திருந்த மாற்று வழியைப் பார்ப்போம். கொடுப்பனவை விட்டுவிட்டு அதே மணிக்கூலியில் வாரம் 40 மணி நேரம் உழைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 25,400 பவுண்தான் வரும். 29,000ஐ எட்ட வாரம் ஏறத்தாழ 46 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். அந்தச் சம்பளத்தைத் தொடர்ச்சியாக ஆறு மாதம் காட்டவும் வேண்டும். அத்தனை நேரமும் அம்மாவை யார் பார்ப்பது என்ற கேள்விக்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. சேமிப்பைக் காட்டுவதென்றால், சம்பளமே கணக்கில் வராதவர் ஆறு மாதம் கையில் வைத்திருக்க வேண்டிய தொகை 88,500 பவுண். ஆகவே அந்த வழியில் நீங்கள் கொடுப்பனவையும் இழந்து, வருமான எல்லையையும் எட்டாமல், இரண்டுக்கும் நடுவில் நின்றிருப்பீர்கள்.

கனடாவிலுள்ள அண்ணாவின் கடிதத்தைப் பொறுத்தவரை, மாதாமாதம் அனுப்புவேன் என்ற வாக்குறுதியை உங்கள் வருமானமாகக் காட்ட முடியாது. மிகவும் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே மூன்றாம் நபரின் உதவி கருத்தில் எடுக்கப்படும். அண்ணாவுக்கு உதவ மனமிருந்தால் விசாக் கட்டணத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். உண்மையில் உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான்.

கொடுப்பனவைக் காப்பாற்றிக்கொள்வது

இந்த விண்ணப்பம் முழுவதும் அந்த 83.30 பவுணில் தொங்குகிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கேரர்ஸ் அலவன்ஸ் பெறுபவர் வாரம் குறைந்தது 35 மணி நேரம் பராமரிப்பில் ஈடுபட வேண்டும். வேலை வருமானம், வரி போன்ற கழிவுகள் போக, வாரம் 196 பவுணைத் தாண்டக்கூடாது. இது 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்குரிய எல்லை. இது படிப்படியாகக் குறையும் கொடுப்பனவு அல்ல. எல்லையை ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரத்துக்குரிய முழுத் தொகையும் போய்விடும். நீங்கள் 183இல் நிற்கிறீர்கள். நத்தார் காலத்தில் கடை முதலாளி “இன்னும் இரண்டு மணி நேரம் நில்லும் பிள்ளை” என்று கேட்டு நீங்கள் மறுக்காவிட்டால் 207 ஆகிவிடும். அப்படிப்பட்ட வாரங்கள் சேர்ந்து, ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பெருந்தொகையைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்த பராமரிப்பாளர்கள் இந்நாட்டில் பலர். உங்களைப் பொறுத்தவரை பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு அது முடியாது. விசா விண்ணப்பத்தின் அடித்தளமே ஆட்டம் காணும். ஆகவே கூடுதல் நேரத்தைப் பணிவாக மறுத்துவிடுங்கள். மணிக்கூலி உயரும்போது மணி நேரத்தை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வவுனியாவில் இரண்டு மாதம் நிற்கும் யோசனையும் இதே காரணத்தால் ஆபத்தானது. தாயாரை விட்டு நீங்கள் வெளிநாடு சென்றால் பொதுவாக நான்கு வாரம் வரைதான் கொடுப்பனவு தொடரும். அதுவும் 26 வாரக் காலப்பகுதிக்குள் எடுக்கக்கூடிய ஓய்வுதான். புறப்படுமுன் கேரர்ஸ் அலவன்ஸ் பிரிவுக்கு அறிவித்துவிட்டு, மூன்று வாரத்துக்குள் திரும்பிவிடுங்கள். கணவருடன் இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த ஐந்து வாரத்துக்காக ஒரு வருடத்தைப் பணயம் வைக்க வேண்டாம்.

முகவர் சொன்ன இரண்டு வழிகள்

விசிட் விசாவில் வந்து இங்கே துணை விசாவாக மாற்றிக்கொள்ள விதி இடம் தருவதில்லை. பார்வையாளராக வருபவர் திரும்பிச் சென்று அங்கிருந்துதான் விண்ணப்பிக்க வேண்டும். விசா முடிந்தபின் தங்கிவிட்டால், மனித உரிமை அடிப்படையில் வாதாடும் நிலை ஏற்படும். அதில் வென்றாலும் நிரந்தர வதிவிடத்துக்குப் பத்து ஆண்டுப் பாதைதான் கிடைக்கும். நேரான பாதையில் ஐந்து ஆண்டில் முடிவதற்கு எதற்கு இந்த வேலை?

அதைவிட மோசமானது “திருமணமாகாதவர் என்று போடுவோம்” என்பது. இன்று ஒரு படிவத்தில் திருமணமாகாதவர் என்று கையொப்பமிட்டவர் நாளை சென்ற ஆண்டின் விவாகப் பதிவோடு வந்து நின்றால், பொய்த் தகவல் கொடுத்தவர் என்ற குறிப்பு அவருடைய கோப்பில் ஏறும். பிறகு உண்மையான திருமணத்தையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். இதே காரணத்துக்காக, மாணவர் விசா மறுக்கப்பட்டதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். படிவத்திலேயே அந்தக் கேள்வி உண்டு. உள்துறை அமைச்சிடம் பதிவும் உண்டு. பணத்துக்கான ஆதாரம் போதாது என்பது போன்ற காரணத்தால் மறுக்கப்பட்டிருந்தால் அது இந்த விண்ணப்பத்தைப் பெரிதாகப் பாதிக்காது. மறைத்தால் பாதிக்கும். அந்த மறுப்புக் கடிதத்தைத் தேடி எடுத்து என்ன காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். போலி ஆவணம் என்ற சொல் அதில் இருந்தால் மட்டும், எதையும் நிரப்பும் முன் ஒரு சட்டத்தரணியிடம் கொண்டு போங்கள்.

கெயர் விசா பற்றி ஒரு வரி போதும்: வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுக்கும் அந்தப் பாதை 2025 ஜூலை 22ஆம் திகதியோடு மூடப்பட்டுவிட்டது. இல்லாத ஒன்றை விற்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். பிரித்தானியாவில் குடிவரவு ஆலோசனை வழங்குபவர் சொலிசிட்டராகவோ, இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தோரிட்டி என்ற அமைப்பில் பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். பெயர் பதிவில் உள்ளதா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

ஆவணங்கள்

கோயிலில் தாலிகட்டு நடந்தது உறவினருக்குப் போதும். விசா அதிகாரிக்கு எழுத்துத்தான் திருமணம். பதிவாளர் வழங்கிய விவாகச் சான்றிதழின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும், அது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் முறையான மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் பெயர்களைப் பாருங்கள். நம்மவரின் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் சிக்கல் இது: பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னால், பிரித்தானியக் கடவுச்சீட்டில் அதுவே குடும்பப் பெயராகப் பின்னால், விவாகச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், போதாக்குறைக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓரிடத்தில் ஓர் எழுத்து கூடுதல். அதிகாரிக்கு அது இரண்டு வெவ்வேறு ஆட்களாகத் தோன்றலாம். அரைப்பக்கக் கடிதம் ஒன்றில், எந்த ஆவணத்தில் எந்தப் பெயர் உள்ளது, எல்லாம் ஒரே ஆள்தான் என்பதை எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு இணைத்துவிடுங்கள்.

பேசி முடித்த திருமணம் என்பதற்காகத் தயங்க வேண்டாம். அப்படிப்பட்ட திருமணங்கள் உண்மையானவை என்பது இங்குள்ள அதிகாரிகளுக்குத் தெரிந்ததே. காதல் திருமணம் போலக் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக் கடற்கரையில் நின்று புதிதாகப் படம் பிடித்து இணைத்த விண்ணப்பங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவை ஐயத்தையே கிளப்பின. எப்படிப் பேச்சு ஆரம்பித்தது, யார் தரகர், எப்போது முதலில் பேசினீர்கள், எப்போது நேரில் கண்டீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி இருவரும் எழுதுங்கள். திருமணத்துக்குப் பின்னான காலமே முக்கியம்: வட்ஸ்அப் அழைப்புப் பதிவுகளில் மாதத்துக்கு ஒரு பக்கம், விமானப் பயணச் சீட்டுகள், ஒருவருக்கொருவர் அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டுகள். இருநூறு பக்க அரட்டையை அச்சிட்டு அனுப்புவதால் பயனில்லை.

கொடுப்பனவுக்கு, வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்திடமிருந்து உரித்தையும் தற்போதைய தொகையையும் உறுதிப்படுத்தும் புதிய கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பணம் உங்கள் கணக்கில் வரவானதைக் காட்டும் வங்கிக் கூற்றும் வேண்டும். வேலைக்கு ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே மாதங்களின் வங்கிக் கூற்றுகள், முதலாளியின் கடிதம். தாயாரிடம் கொடுக்கும் 90 பவுணை இதுவரை கையில் கொடுத்து வந்திருந்தால் இன்றிலிருந்து வங்கி மூலம் அனுப்புங்கள்.

வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் ஒரு நிபந்தனை. கணவர் வந்தபின் வீடு நெரிசலாகக் கூடாது. 1985ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் படுக்கையறைகளோடு வரவேற்பறையையும் கணக்கில் சேர்ப்பதால், மூன்று வளர்ந்தவர்களுக்கு உங்கள் வீடு தாராளம். வீடு தாயாரின் பெயரில் இருப்பதால், நீங்கள் இருவரும் அங்கு வசிக்கத் தாயாரின் சம்மதக் கடிதமும் கவுன்சிலின் கடிதமும் வேண்டும். கவுன்சிலின் கடிதம் வாரக்கணக்கில் இழுபடும். அதை முதலில் கேளுங்கள். இன்னொரு வளர்ந்தவர் குடிவருவதால் தாயாரின் வாடகை உதவியிலோ கவுன்சில் வரிச் சலுகையிலோ மாற்றம் வரக்கூடும் என்பதால், அவர் வந்து சேர்ந்ததும் அதை அறிவிக்க வேண்டியது தாயாரின் பொறுப்பு.

கணவர் தரப்பில் இரண்டு வேலைகள். ஒன்று, காசநோய்ப் பரிசோதனை. கொழும்பில் சர்வதேச புலம்பெயர்வு அமைப்பின் மருத்துவ நிலையத்தில் செய்ய வேண்டும், சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். மற்றது ஆங்கிலம். அவர் ஆங்கில மொழிமூலம் பட்டம் பெற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் என்ற நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் கிடைத்தால் பரீட்சை தேவையில்லை. கிடைக்காவிட்டால் ஏ1 என்ற தொடக்கநிலைத் தரத்தில் பேச்சும் கேட்டலும் மட்டும் கொண்ட ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் பரீட்சை போதும். வேலைக்காகவோ படிப்புக்காகவோ எழுதும் சாதாரண ஐஇஎல்டிஎஸ்ஸுக்குப் பணம் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவும் பிறகு வரும் காலமும்

2025 ஏப்ரல் கட்டணப்படி, வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுணாக இருந்தது. அரச மருத்துவ சேவைக்கான சுகாதார மேலதிகக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம், 33 மாத விசாவுக்கு மூன்று ஆண்டுக் கணக்கில் 3,105. அந்தக் கணக்கில் மொத்தம் 5,043 பவுண்; கட்டணம் முழுவதையும் விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். உண்மையிலேயே கட்ட வழியில்லாதவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம். ஆனால் குடும்பத்தில் யாராவது உதவக்கூடிய நிலை இருந்தால் அது கிடைப்பது கடினம். அண்ணாவின் பணத்துக்கு இதுதான் இடம் என்று நான் சொன்னதும் அதனால்தான்.

கணவர் வந்த நாளிலிருந்து வேலை செய்யலாம். அவருடைய சம்பளம் உங்கள் கேரர்ஸ் அலவன்ஸைக் குறைக்காது. அது உங்கள் சொந்த வருமானத்தை மட்டுமே பார்க்கிறது. 33 மாதம் முடியுமுன் இரண்டரை ஆண்டு நீடிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து ஆண்டு நிறைவில் நிரந்தர வதிவிடம், அதற்கு பி1 என்ற இடைநிலைத் தர ஆங்கிலமும், பிரித்தானிய வாழ்க்கை பற்றிய லைஃப் இன் தி யூகே பரீட்சையும் தேவை என்பது நான் இதை எழுதும்போதுள்ள நிலை. நிரந்தர வதிவிட விதிகளை மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருப்பதால், அந்தக் கட்டம் வரும்போது அன்றைய விதியைப் பாருங்கள்.

ஒரு கடினமான விடயத்தையும் சொல்லியாக வேண்டும். தாயாருக்கு ஏதாவது நேர்ந்தால் உங்கள் கொடுப்பனவு அதன்பின் எட்டு வாரம் வரைதான் தொடரும். அதற்குப் பிறகு வரும் நீடிப்பில் 29,000 என்ற நிபந்தனை உங்களுக்கும் வந்து சேரும். ஆனால் அப்போது கணவர் இங்கே சம்பாதிக்கும் சம்பளமும் கணக்கில் எடுக்கப்படும் என்பதால், இருவர் வருமானமும் சேர்ந்து அதை எட்டுவது இன்றுபோல் எட்டாக்கனியாக இராது. கணக்காளரான அவர் வந்தவுடன் கிடைக்கும் முதல் வேலையிலேயே தங்கிவிடாமல், இரண்டாவது ஆண்டிலேயே தம் துறைக்குள் நுழைய முயல வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், வெளிநாட்டில் இருப்பவர் 28 நாட்களுக்குள் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யலாம். ஆவணம் ஒன்று தவறியதால் மறுப்பு வந்திருந்தால், மேன்முறையீட்டில் மாதக்கணக்கில் காத்திருப்பதைவிடக் குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பது பல வேளைகளில் விரைவானது. ஆனால் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும்.

கணவர் வேலையை விடலாமா என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். அவருடைய இலங்கைச் சம்பளம் இந்த விண்ணப்பத்தில் உங்களுக்கு உதவாது என்பது உண்மைதான். ஆனால் முடிவு வர மாதங்கள் ஆகலாம், அது எந்தப் பக்கம் விழும் என்று யாரும் உறுதி தர முடியாது. விசா கையில் கிடைத்த பிறகு, புறப்படும் திகதியைத் தெரிவுசெய்து, ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகட்டும். விலகும்போது சேவைச் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே வேலை தேடும்போது அது தேவைப்படும்.